நான்கிருபது பதினேழு

முதலில் வகுப்புக்குத்தான் போனேன்.
வில்லர்பான் நகராட்சிக் கட்டடம், இரண்டாம் மாடி,
செவ்வாயும் வியாழனும் மாலை ஏழு மணி.
மேசை பெண் என்றார்கள்.
நாற்காலியும் பெண்.
அதன்மேல் கிடக்கும் கோட்டு மட்டும் ஆண்.
என் ஜார்ஜிய மொழியில்
அவனுக்கும் அவளுக்கும் அதற்கும் ஒரே சொல்.
நாற்பத்து மூன்று வயதில்
கரண்டிக்குப் பாவாடை கட்டிவிட
எனக்குப் பொறுமையில்லை.

ஒரே ஒரு மாலை ஜெயித்தேன்.
தொண்ணூற்றேழை இவர்கள்
நான்கிருபது பதினேழு என்கிறார்கள்.
வகுப்பு திகைத்துப் போனது.
ஹெவின் பேனாவை மூடி வைத்தாள்.
பிரேசில்காரர் எழுந்து புகைபிடிக்கப் போய்விட்டார்.
நான் மட்டும் சிரித்தேன்:
குத்தாயிசிக் கடையில் அக்ரோட்டு எண்ணுவதும் அப்படியே,
நான்கிருபதும் பதினேழும்.
மறுவாரம் வினைச்சொற்கள் வந்தன.
சிரிப்பு நின்றது.

பிறகு கைபேசிச் செயலி.
குதிரை ஆப்பிள் தின்கிறது, என்றது.
நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
இந்த ஊரில் மூன்று வருடம், முந்நூறு லிஃப்ட்,
ஒன்றிலும் குதிரை ஏறவில்லை.
நூற்றுப் பன்னிரண்டு நாள் விடாமல் படித்ததற்கு
கிரீடம் ஒன்று கொடுத்தது.
அதே காலை ரொட்டிக்கடையில்
கிரீடம் வைத்தவன்
விரலால் காட்டித்தான் வாங்கினேன்.

வேனில் வானொலி கேட்டேன்.
ஒரு சொல்லின் வாலைக் கவ்விக்கொண்டே
அடுத்தது ஓடுகிறது.
எழுதும்போது ஆறு எழுத்து, சொல்லும்போது மூன்று.
மிச்சத்தை எங்கே ஒளிக்கிறார்கள்?

நவம்பரில் ஒருநாள், ஒன்பது மாடிக் கட்டடம்.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்ற பெட்டியில்
ஒரு குழந்தை மமா, மமா என்று கத்துகிறாள்.
எங்கள் மொழியில் மமா என்றால் அப்பா.
ஒரு நொடி, ஒரே ஒரு நொடி,
யாரோ என்னைக் கூப்பிட்டதாக நினைத்து
கதவிடம் வாய் வைத்து, ம்ம், என்றேன்.

நீ இருக்கிறாயா, என்று கேட்டாள்.
மூன்று வருடத்தில் இந்த மொழி
என்னை நீ என்றது அன்றுதான்.
ஜ சுயி லா, என்றேன்.
லா என்றால் அங்கே, வகுப்பில் படித்தது.
இங்கே நிற்பவன் அங்கே இருக்கிறேன் என்கிறேன்,
தப்பாகிவிட்டதோ என்று நாக்கைக் கடித்தேன்.
உள்ளே அழுகை சற்றுக் குறைந்தது.
தப்பில்லை போலும்.

பேசிக்கொண்டே இரு, என்றாள்.
எதைப் பேச?
மேலே இயந்திர அறையில் என் கூட்டாளி
கையால் சக்கரம் சுற்றுகிறான், மெல்ல, விரல் விரலாக.
தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.
கம்பிவடம் பலமானது. ஆறு வடம். நீ ஒருத்தி.
அதில் வடத்தைப் பெண்ணாக்கிவிட்டேன்.
லு! என்றாள், விம்மலுக்கு நடுவே,
லு காப்ல்!
அன்றுமுதல் எனக்கு வடம் ஆண்.
எந்தப் பலகையில் எழுதினாலும் மறக்காத ஆண்.
வேறு வழியில்லாமல் குதிரையையும் சொன்னேன்.
ஏன் ஆப்பிள் தின்கிறது, என்று கேட்டாள்.
ஏனென்றால், என்று தொடங்கி
முதல் முறையாக ஒரு வாக்கியத்தை
எங்கே முடிப்பேன் என்று தெரியாமல் பேசினேன்.
இருபத்தாறு நிமிடம்.
கதவு திறந்ததும் மாயெல் என்னைப் பார்க்கவேயில்லை,
படியில் நின்ற அம்மாவிடம் ஓடினாள்.

எப்படிக் கற்றாய், என்று ஹெவின் கேட்கிறாள்.
அவளுக்கு லிஃப்ட் என்றாலே மூச்சடைக்கும்,
ஐந்து மாடியும் படியேறுவாள்.
வீட்டுவசதி அலுவலகத்தோடு தொலைபேசியில் சண்டைபோட்டே
என்னைவிட வேகமாகப் பேசுகிறாள், அதுவும் பல்லைக் கடித்தபடி.
அவளிடம் நான் என்ன சொல்ல?
செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டேன்.
வியாழன் வகுப்புக்கு இன்னும் போகிறேன்,
அங்கே காபி நன்றாயிருக்கும்.

இதோ அழைப்பு. வீட்டெண் கேட்கிறேன்.
தொண்ணூற்றேழு, என்கிறார் எதிர்முனையில் ஒருவர்,
வெளியூர்க்காரன் குரல் கேட்டு
ஒவ்வொரு இலக்கமாக உடைத்து:
ஒன்பது. ஏழு.
வேண்டாம் ஐயா, முழுதாகவே சொல்லுங்கள்.